ஒஹியவிலிருந்து பம்பரகந்த வரை: முதுகுப்பையோடு முதல் மலை நடை

மலையகத்தில் முதுகில் பையைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் நடக்க வேண்டும், இதுவரை போனதில்லை, எங்கே தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பாதை ஒன்றுதான். ஒஹியவில் ரயிலை விட்டு இறங்குங்கள். உடவேரிய தோட்டத்தைக் கடந்து மலை விளிம்பைத் தாண்டுங்கள். டெவில்ஸ் ஸ்டெயார்கேஸ் என்று எல்லோரும் சொல்லும் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, பம்பரகந்த அருவிக்கு வந்து, அதன் அடியிலுள்ள தடாகத்தைப் பார்த்துவிட்டு, கலுபஹனவில் பஸ் ஏறுங்கள். பாதை தெளிவானது. வழியில் மனிதர்கள் இருக்கிறார்கள். முதல் பாதியில் தமிழிலேயே வழி கேட்கலாம். ஒரே நடையில் தேயிலை மலை, புல்வெளி, பாறைச் சரிவு, பைனஸ் காடு, அருவி எல்லாம் வந்துவிடும்.

பலரும் இதை ஒரே நாளில் ஓடி முடிக்கிறார்கள். முடியும்தான். ஆனால் புதியவர்களுக்கு அது வேண்டாம். ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தை இறங்கிக் கடக்கிற பாதை இது. ஏற்றம் குறைவு என்பதால் இலேசு என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் கடைசி நாலு கிலோமீட்டரில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருப்பார்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறக்கத்தில் கெட்டுப்போன கால் நின்றாலும் சரியாகாது. அதனால் இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் பாதி விஷயம் எப்படி இறங்குவது என்பதைப் பற்றித்தான்.

பாதை எப்படிப் போகிறது

ஒஹிய ரயில் நிலையம் 1,774 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு முந்திய நிலையம் பட்டிப்பொல, இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம். இரண்டுக்கும் இடையில் 1,898 மீட்டரில் ரயில் பாதையின் உச்சி வருகிறது. அங்கே ஒரு சுரங்கமும் உண்டு. நுவரெலியாப் பக்கம் மழையும் மூட்டமுமாக இருந்து, சுரங்கத்தைத் தாண்டி ஊவாப் பக்கம் வந்ததும் வெயில் அடிப்பது அடிக்கடி நடக்கிற விஷயம். நீங்கள் நடக்கப்போவது இந்த இரண்டு காலநிலைகளும் முட்டிக்கொள்ளும் விளிம்பில். இதை மனதில் வைத்துக்கொண்டால் பையில் என்ன போடுவது, எப்போது போவது என்ற கேள்விகளுக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

நிலையத்திலிருந்து தோட்டப் பாதை உடவேரியவை நோக்கிப் போகிறது. முதல் ஐந்தாறு கிலோமீட்டர் பெரிய இறக்கம் இல்லை. லயங்களும் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) தேயிலை மலைகளும் பீலிகளுமாக (மலைத் தண்ணீர் விழும் குழாய்கள்) இருக்கும். பிறகு மலை விளிம்பில் பாதை ஒரு வெட்டைத் தாண்டும். நடைக்காரர்கள் அதை வீ கட் என்பார்கள். அங்கிருந்து தெற்கே நிலம் சட்டென்று விழுகிறது. வானம் தெளிந்திருந்தால் கீழே சமனலவெவ நீர்த்தேக்கம் வெள்ளித் தகடு மாதிரி தெரியும். அதற்குப் பிறகுதான் ஸ்டெயார்கேஸ். வளைவுக்கு மேல் வளைவு, உருளும் கற்கள், நிழல் குறைவு. வளைவுகள் முடிந்ததும் புல்லும் பைனஸும் கலந்த சரிவு. அப்புறம் அருவியின் மேற்பகுதி, அருவியின் அடி, அங்கிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் கொழும்பு–பதுளை வீதியில் கலுபஹன சந்தி. மொத்தமாக 16 முதல் 20 கிலோமீட்டர் என்று கணக்கு வையுங்கள். எத்தனை இடத்தில் விலகிப்போய்ப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கூடும்.

கீழிருந்து மேலேயும் ஏறலாம். பை சுமந்து முதன்முறை நடப்பவருக்கு அந்தத் திசையை நான் சொல்லமாட்டேன். நிழலில்லாத வளைவுகளில் உச்சி வெயிலில் ஏறவேண்டி வரும், கொண்டுவந்த தண்ணீர் பாதி வழியிலேயே தீர்ந்துவிடும்.

எப்போது போவது

பெப்ரவரி, மார்ச் நல்ல காலம். இரவு குளிரும், பகல் தெளிவாக இருக்கும். ஏப்ரலிலும் போகலாம், ஆனால் பின்னேரங்களில் இடி மின்னலோடு மழை வரும். காலையிலேயே விளிம்பைத் தாண்டிவிட வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும், மழைத் தொல்லை குறைவு. ஆனால் மேலே காற்று கூடாரத்தைப் பிடுங்கும் அளவுக்கு வீசும், மானாப்புல் தீப்பிடிக்கும் காலமும் அதுதான். ஒக்டோபரிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை வேண்டாம். வடகீழ்ப் பருவமழை நேராக இந்தப் பக்கத்தில்தான் விழும்.

மழை என்றால் நனைவது மட்டும் கவலை இல்லை. பதுளை மாவட்டம் மண்சரிவுக்குப் பேர்போன மாவட்டம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் எத்தனை லயங்கள் மண்ணோடு போயின என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசச் செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இரு, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகு, சிவப்பு என்றால் வெளியேறு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை விழுந்தாலே அவதானமாக இருக்கும்படி சொல்வார்கள். ஹல்துமுல்லை, வெலிமடை, அப்புத்தளை ஆகிய பிரிவுகளின் பெயரைத் தேடிப் பாருங்கள். மஞ்சள் இருந்தாலும் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும். அங்கே வசிக்கிற சனங்கள் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக் கட்டடத்துக்கு ஓட வேண்டிய ஒரு இரவில், தேடிப் பார்க்க வேண்டிய ஆளாக நீங்களும் அங்கே இருக்கக்கூடாது.

போயா தினத்தையும் நீண்ட வார இறுதியையும் தவிருங்கள். அந்த நாட்களில் ஜீப்களும் மோட்டார் சைக்கிள்களும் வரிசையாக வரும். ஒடுங்கிய வளைவில் பையோடு ஒதுங்கி நிற்க இடம் தேட வேண்டிவரும். வாரத்தின் நடுவில் போனால் பாதையே உங்களுடையது.

பையில் என்ன, எவ்வளவு

ஆளுக்கு ஆள் வேறுபடும், ஆனால் ஒரு அளவு வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ எடையுள்ளவர் தண்ணீரோடு சேர்த்து 11, 12 கிலோவைத் தாண்டக்கூடாது. வீட்டில் தராசு இல்லையா, பக்கத்துச் சில்லறைக் கடையில் நிறுத்துப் பாருங்கள். அரிசி மூட்டை நிறுக்கிற தராசில் உங்கள் பையும் நிற்கும்.

கனமானதை நடுவில், முதுகோடு ஒட்டி வையுங்கள். தூங்கும் பை, மாற்றுடை அடியில். மழைச்சட்டை, டோர்ச், மருந்து மேலே, கையெட்டும் இடத்தில். பையின் வெளியுறையை நம்ப வேண்டாம். உள்ளேயே ஒரு தடித்த கறுப்புப் பொலித்தீன் பையை விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் போட்டு முறுக்கிக் கட்டிவிடுங்கள். இடுப்புப் பட்டி இடுப்பு எலும்பின் மேல் உட்கார வேண்டும். தோளில் மட்டும் தொங்கும் பை இறங்கும்போது உங்களை முன்னால் தள்ளும்.

உடையில் ஒரு விதி: ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் காயாது, கனக்கும். மேலே பத்துப் பாகைக்குக் கீழே போகும் இரவுகள் உண்டு. ஒரு ஸ்வெட்டர், தலைக்குக் குல்லா, இரவுக்கென்று எடுத்து வைத்த ஒரு சோடி உலர்ந்த காலுறை. அந்தக் காலுறையை என்ன வந்தாலும் பகலில் போடாதீர்கள். மழைக்கு விலை கூடிய சட்டை இல்லாவிட்டால் பரவாயில்லை. கொழுந்து எடுக்கிற பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கு மாதிரி ஒரு துண்டு இருந்தால், உட்காரவும் விரிக்கவும் கூடாரத்துக்கு அடியில் போடவும் உதவும்.

சாப்பாட்டில் சமையலைக் குறையுங்கள். முதல் நாள் மத்தியானத்துக்கு வீட்டிலிருந்தோ ஒஹியக் கடையிலிருந்தோ ரொட்டியும் கட்டச் சம்பலும். அது கெடாது, கையால் பிய்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து நடக்கலாம். காலைக்குத் தானிய மாவான சமபோஷவைச் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடித்தால் அடுப்பே வேண்டாம். இரவுக்கு ஒரு சிறிய எரிவாயு அடுப்பில் நூடில்ஸ், பருப்பு, கொஞ்சம் கருவாடு. கச்சான், பேரீச்சம்பழம், பிஸ்கட் பையின் பக்கப் பொக்கெட்டில் இருக்கட்டும்; பசிக்கும் முன்னால் கொறியுங்கள். நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பக்கெட் இரண்டு கட்டாயம். தண்ணீர் ஆளுக்கு மூன்று லீற்றர் கொண்டுபோக இடம் வேண்டும்.

மருந்துப் பொதியில் பெனடோல், டெட்டோல், பஞ்சு, கட்டுத்துணி, முழங்காலுக்குச் சுற்றும் இழுவைப் பட்டி, சித்தாலேபக் களிம்பு. வழமையாக மாத்திரை எடுப்பவர்கள் ஒரு நாளுக்குக் கூடுதலாக எடுத்துவையுங்கள்.

சப்பாத்தும் காலும்

இந்தப் பகுதியை மட்டும் அவசரமாகப் படிக்காதீர்கள்.

புதுச் சப்பாத்தோடு வராதீர்கள். குறைந்தது இரண்டு வாரம் ஊரில் போட்டு நடந்த சப்பாத்தாக இருக்க வேண்டும். அடிப்பாகம் பல்லுப் பல்லாக இருக்கட்டும். செருப்பில் இந்த வளைவுகளை இறங்குகிற தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்து நாமும் இறங்கலாம் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் கால் அந்தக் கல்லோடு வளர்ந்த கால்.

போவதற்கு இரண்டு நாள் முன்பு கால் நகங்களை ஒட்ட வெட்டுங்கள். ஏன் என்றால், இறங்கும்போது பாதம் முன்னால் வழுக்கி, ஒவ்வொரு அடிக்கும் பெருவிரல் சப்பாத்தின் முனையில் இடிக்கும். ஆயிரக்கணக்கான இடி. மாலையில் நகம் கறுத்திருக்கும். அதைத் தடுக்கச் சப்பாத்துக் கயிற்றைக் கட்டும் முறையும் முக்கியம். வீ கட்டில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். கயிற்றை முழுக்கத் தளர்த்துங்கள். குதிகாலைத் தரையில் இரண்டு தரம் தட்டி, பாதத்தைப் பின்னால் தள்ளுங்கள். விரல் பக்கம் கொஞ்சம் தளர்வாகவும், கணுக்காலுக்கு வரும் கடைசி இரண்டு துளைகளில் இறுக்கமாகவும் கட்டுங்கள். எழுந்து முன்னால் சாய்ந்து பாருங்கள். விரல் முனையில் படக்கூடாது.

இறங்கும்போது அடியைச் சின்னதாக வையுங்கள். முழங்கால் எப்போதும் சற்று மடங்கியே இருக்கட்டும். காலை விறைப்பாக நீட்டி இறங்கினால் முழு எடையும் மூட்டில் விழும். உருளைக் கல்லின் தலையில் மிதிக்காமல், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் மண் தெரியும் இடத்தில் மிதியுங்கள். கையில் ஒரு தடி இருக்கட்டும். கடையில் வாங்கும் நடைக்கோல் என்றால் இறக்கத்துக்குக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளுங்கள். முன்னால் போகிறவருக்கு நேர் மேலே நிற்காதீர்கள், நீங்கள் உதைத்துவிடும் கல் அவர் மேல்தான் போகும். அரை மணிக்கு ஒரு தரம் நில்லுங்கள், வலிக்காவிட்டாலும் நில்லுங்கள்.

பயிற்சி வேண்டுமா? ஏறுகிற பயிற்சியைவிட இறங்குகிற பயிற்சி செய்யுங்கள். மாடிப்படி இருந்தால் போதும். ஐந்து கிலோ அரிசியைப் பையில் போட்டுக்கொண்டு மூன்று வாரம், ஒருநாள் விட்டு ஒருநாள், அரை மணி நேரம் ஏறி இறங்குங்கள். தொடையின் முன்தசை எரிய ஆரம்பித்தால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஒஹியவுக்குப் போய்ச் சேர்வது

வழமையாகக் கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை போகும் இரவு அஞ்சல் ரயில்தான் நடைக்காரர்களுக்கு வசதி; விடிகாலையில் ஒஹியவில் இறங்கலாம். ஆனால் 2025 நவம்பர் புயலில் மலையக ரயில் பாதை பல இடங்களில் சேதமடைந்தது. ஆகவே ரயில் எதுவரை ஓடுகிறது, எந்த ரயில் ஓடுகிறது என்பதை ரயில் நிலையத்தில் கேட்டுவிட்டே திட்டம் போடுங்கள். சாலை வழியாக வருவதானால் வெலிமடை அல்லது பண்டாரவளைப் பக்கமிருந்து பொரலந்தவுக்கு வந்து, அங்கிருந்து த்ரீவீலரில் ஒஹிய வரலாம். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வருகிறவர்கள் முதல் நாள் அப்புத்தளையிலோ பண்டாரவளையிலோ தங்கி, மறுநாள் விடியப் புறப்படுவது உடம்புக்கு நல்லது.

மத்தியானத்துக்குப் பிறகு ஒஹியவில் இறங்கினால் அன்று நடக்க வேண்டாம். அங்கேயே பக்கத்தில் தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள்.

இன்னொன்று. ஒஹியவிலிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்கும் பாதை பிரிகிறது. அது 1988 முதல் தேசியப் பூங்கா; நுழைவுச் சீட்டு வேண்டும், உள்ளே கூடாரம் போட வனஜீவராசிகள் திணைக்களத்தின் முன் அனுமதி வேண்டும். நம் பாதை பூங்காவுக்கு வெளியே போகிறது. புல்வெளி அழகாக இருக்கிறதே என்று எல்லை தாண்டி உள்ளே போகாதீர்கள்.

முதல் நாள்

ஆறரை மணிக்கு நடக்கத் தொடங்கினால் ஒன்பது, ஒன்பதரைக்கு வீ கட் வந்துவிடலாம். இடையில் இருப்பது தோட்டம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தோட்டப் பாதை என்றால் அது ஒரு ஊரின் நடுவீதி. லயத்து வாசல்கள் பாதையைப் பார்த்துத்தான் இருக்கும். காலையில் பெண்கள் கொழுந்துக் கூடையோடு மலைக்குப் போவார்கள், பிள்ளைகள் பாடசாலைக்கு நடப்பார்கள், பீலியில் யாராவது குளித்துக்கொண்டிருப்பார்கள். கெமராவைக் கீழே இறக்கிவிடுங்கள். கூடையோடு நிற்கும் பெண்ணைப் படம் எடுத்துப் போடுவது மலையகப் பயணம் என்றாலே செய்ய வேண்டிய காரியம் போல ஆகிவிட்டது. அவர் வேலை நேரத்தில் நிற்கிறார், அன்றைக்கு எடுக்கும் கொழுந்தின் கிலோதான் அவருடைய கவலை. வணக்கம் சொல்லுங்கள். "அக்கா, இந்தப் பாதை கீழ எறங்குதா? நேத்து மழை பேஞ்சிச்சா?" என்று கேளுங்கள். வரைபடம் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்: எந்தக் குறுக்கு இடிந்து கிடக்கிறது, எந்தப் பக்கம் குளவிக் கூடு இருக்கிறது, எங்கே பன்றிக்குக் கம்பி வைத்திருக்கிறார்கள். "மூட்டம் வருது, இருந்து போங்க" என்றால் இருந்துதான் போக வேண்டும். பெரும்பாலும் தேத்தண்ணியும் கிடைக்கும். காசு நீட்டாதீர்கள், வாங்கமாட்டார்கள். கடையில் வாங்கிய ஒரு பிஸ்கட் பக்கெட்டை வீட்டுப் பெரியவர் கையில் கொடுத்தால் சந்தோஷமாக வாங்குவார்கள். வழியில் நிற்கும் பிள்ளைகளுக்கு டொபி இறைத்துக்கொண்டு போவது வேண்டாம்.

தோட்டம் தனியார் நிர்வாகத்தில் இருக்கும் காணி. யாராவது நிறுத்தி எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்லுங்கள், பெயர் எழுதச் சொன்னால் எழுதுங்கள். நீங்கள் அந்தப் பக்கம் போனீர்கள் என்று ஒருவருக்குத் தெரிந்திருப்பது உங்களுக்குத்தான் பாதுகாப்பு. மருந்தடிக்கும் மலைக்குள் இறங்காதீர்கள்.

தண்ணீரை இங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். லயங்களுக்கு மேலே, மலையிலிருந்து வரும் பீலியில் ஊரார் குடிக்கிற தண்ணீர் எது என்று கேட்டு அதை எடுங்கள். லயங்களுக்குக் கீழே ஓடும் ஓடை எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் வேண்டாம். மலக்கூடக் கழிவும் உரமும் களைக்கொல்லியும் அதில் கலந்திருக்கும். கொதிக்கவைத்தால் கிருமிதான் சாகும், களைக்கொல்லி போகாது. வீ கட்டுக்குப் பிறகு நம்பிக் குடிக்கக்கூடிய தண்ணீர் நெடுநேரம் வராது.

வீ கட்டில் பதினைந்து நிமிடம் ஓய்வு. ரொட்டி சாப்பிடுங்கள், கயிற்றைத் திரும்பக் கட்டுங்கள். கீழே பார்க்கும்போது மூட்டம் அடைத்திருந்தால் இறங்காமல் காத்திருங்கள்; பெரும்பாலும் அரை மணியில் விலகும். வளைவுகளை வெட்டி நேராகக் குறுக்கே இறங்கும் தடங்கள் தெரியும். அவற்றில் இறங்காதீர்கள். மழைத் தண்ணீர் அந்தத் தடத்தையே பிடித்துக்கொண்டு மண்ணை அரிக்கும், அடுத்த வருடம் பாதையே இருக்காது. உங்கள் காலுக்கும் அது ஆபத்து. வளைவுகளுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அதற்குப் பிறகு வரும் பைனஸ் சரிவில் காய்ந்த ஊசி இலைகள் மெத்தை மாதிரிக் கிடந்தாலும் வழுக்கும். அங்கேதான் அதிகம் பேர் விழுவது.

அட்டையும் குளவியும்

அட்டைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. காலுறைக்குள் காற்சட்டையைச் செருகி, காலுறையின் மேல் ஈரச் சவர்க்காரத்தைத் தேய்த்துவிடுங்கள், அல்லது சித்தாலேப பூசுங்கள். மழையில் அது கழுவிப் போகும், மறுபடி பூச வேண்டும். கடித்துவிட்டால் தீக்குச்சி வைப்பது, உப்பைக் கொட்டுவது எல்லாம் வேண்டாம். அது வயிற்றிலிருப்பதைக் காயத்துக்குள் கக்கிவிடும். மெலிந்த பக்கம்தான் வாய். அந்தப் பக்கத் தோலோடு விரல் நகத்தை ஒட்டவைத்து, பக்கவாட்டில் மெதுவாகத் தள்ளுங்கள். வாய் விட்டதும் மறுமுனையையும் அப்படியே தள்ளிச் சுண்டிவிடுங்கள். இரத்தம் நெடுநேரம் வழியும். இரத்தம் உறையாமலிருக்க அட்டை ஹிருடின் என்ற பொருளை உள்ளே விடுகிறது, அதனால்தான். சவர்க்காரம் போட்டுக் கழுவி, பஞ்சு வைத்துக் கட்டினால் போதும்.

குளவி வேறு கதை. தோட்டத்தில் குளவிக் கொட்டுக்கு ஆளாகி உயிரைவிட்ட தொழிலாளர்களைப் பற்றிய செய்தி வராத வருடம் இல்லை. பாறை முகப்பிலும் பெரிய மரங்களிலும் கூடு தொங்கும். வாசனைத் திரவியம் பூசாதீர்கள். கூட்டுக்குப் பக்கத்தில் கத்தாதீர்கள், கல்லெறியாதீர்கள், புகை போடாதீர்கள், டிரோன் பறக்கவிடாதீர்கள். ஒன்றிரண்டு வந்து தலையைச் சுற்றினால் கையை வீசாமல் வந்த வழியே மெதுவாகத் திரும்புங்கள். கூட்டமாகக் கிளம்பிவிட்டால் முகத்தையும் கழுத்தையும் துணியால் மூடிக்கொண்டு ஓடுங்கள். வீடோ அடர்ந்த பற்றையோ கிடைக்கும் வரை நிற்க வேண்டாம். கொட்டியவருக்கு மூச்சு முட்டினால், உதடு வீங்கினால், 1990 சுவசரிய அம்புலன்ஸுக்கு உடனே அழையுங்கள். பாதையின் நடுவில் தொலைபேசி சமிக்ஞை வந்து வந்து போகும். ஆகவே எங்கே சமிக்ஞை கடைசியாக இருந்தது என்று நடக்கும்போதே கவனித்துவையுங்கள். இடர் முகாமைத்துவ நிலையத்தின் எண் 117, பொலிஸ் 119.

இராத்தங்கல்

அருவிப் பக்கத்தில் ஊரார் நடத்தும் தங்குமிடங்களும் கூடாரம் போட இடம் கொடுக்கும் காணிகளும் உண்டு. முதல் தடவை அப்படிப்பட்ட இடத்தில், முன்கூட்டியே பேசி வைத்துத் தங்குங்கள். கூடாரத்தில் படுத்துப் பழக வேண்டும் என்றால் அவர்கள் முற்றத்திலேயே போடலாம். மழை பிடித்தால் ஓடி நுழைய ஒரு கூரை இருக்கும். காட்டுக்குள்ளும் ஓடைப் படுக்கையிலும் போடாதீர்கள். மேலே பெய்த மழைக்குக் கீழே ஓடை பெருக நேரம் எடுக்காது.

நெருப்பு மூட்டாதீர்கள். குளிருக்குக் கொஞ்சம் என்றுகூட வேண்டாம். மானாப்புல்லும் பைனஸும் நிற்கும் மலையில் ஒரு பொறி போதும். எரிவாயு அடுப்பையும் புல்லில் வைக்காமல் பாறையில் அல்லது வெறும் மண்ணில் வையுங்கள். சாப்பாட்டை இறுக மூடி உள்ளே வையுங்கள், மிச்சத்தை வெளியே எறிந்தால் இரவில் பன்றி வரும். கழிப்பறை இல்லாத இடத்தில் தண்ணீரிலிருந்து அறுபது எழுபது மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழம் தோண்டி மூடுங்கள். ஈரத் திசுத்தாள் மக்காது; அதைக் கட்டி எடுத்துக்கொண்டு வாருங்கள், பொலித்தீனையும் போத்தலையும் போலவே. அருவிக்கு மேலே நீங்கள் போடுவதெல்லாம் கீழே யாரோ குளிக்கிற தண்ணீரில் போய் விழும்.

இரண்டாம் நாள்: அருவி

பம்பரகந்த இலங்கையிலேயே உயரமான அருவி, 263 மீட்டர். வளவ கங்கையின் கிளையான குடா ஓயா இங்கே ஒரே பாய்ச்சலில் குதிக்கிறது. ஊவா காய்ந்திருக்கும் மாதங்களில் தண்ணீர் ஒரு கயிறளவுக்கு மெலிந்துவிடும். மழைக்குப் பிந்திய வாரங்களில் பார்ப்பதுதான் பார்ப்பது. பெப்ரவரியைச் சொன்னதற்கு அதுவும் காரணம்.

மேலே அருவி விளிம்புக்குப் போகும் தடம் இருக்கிறது. போகிறவர்கள் போகட்டும், நீங்கள் விளிம்புக்குப் போக வேண்டாம். பாசி படிந்த பாறை காய்ந்திருப்பது போலத் தெரியும், கால் வைத்ததும் வழுக்கும். பிடிக்க ஒன்றும் இல்லை. அருவி முழுதாகத் தெரிவதும் அடியிலிருந்துதான். பைனஸ் மரங்களுக்கு நடுவே போகும் பாதையில் இறங்கி, காலை எட்டு மணிக்குள் அடிவாரத்துக்கு வந்துவிடுங்கள். அந்த நேரத்தில் கூட்டம் இருக்காது. தடாகத்துக்குப் பக்கத்தில் போகப் போக முகத்தில் தூறல் விழும், பேசினால் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. குளிப்பதானால் ஓரத்தில், முழங்கால் ஆழத்தில், ஒருவர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கக் குளியுங்கள். நீந்தத் தெரியும் என்பதற்காக நடுவுக்குப் போகாதீர்கள். ஆழம் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீரின் குளிரில் கை கால் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் வரத் தொடங்கினாலோ உடனே மேலே ஏறுங்கள்.

இங்கிருந்து கீழே சிங்கள ஊர்கள். "கலுபஹனட்ட யன பார கோகத?" என்றால் கலுபஹன போகும் வழி எது என்று காட்டுவார்கள். நடக்க முடியாதவர்கள் அருவி வாசலில் த்ரீவீலர் பிடிக்கலாம். ஏறும் முன் கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள். கலுபஹன சந்தியில் பெரகலைப் பக்கம் போகும் பஸ் அப்புத்தளை, பண்டாரவளை, பதுளைக்கும், எதிர்ப் பக்கம் போகும் பஸ் பலாங்கொடை, இரத்தினபுரி வழியாகக் கொழும்புக்கும் போகும். மத்தியானத்துக்குள் சந்திக்கு வந்துவிட்டால் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

வீட்டுக்கு வந்த பிறகு

குளிக்கும்போது அக்குள், இடுப்பு மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், காதின் பின்புறம் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தோலோடு ஒட்டக் கிள்ளிடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள். தொடை வலி இரண்டு மூன்று நாளில் போய்விடும், இலேசாக நடந்தால் சீக்கிரம் போகும். மூட்டு வீங்கியிருந்தாலோ காலை ஊன்ற முடியாவிட்டாலோ எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் தலையிடியோடு காய்ச்சல் வந்தால், தோலில் சிகரெட் சுட்டது போலக் கறுத்த பொருக்கு எங்காவது இருந்தால், மலைப் புல்வெளியில் நடந்துவிட்டு வந்தேன் என்று வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உண்ணியாலும் சிற்றுண்ணியாலும் வரும் ரிக்கெட்சியாக் காய்ச்சல் மலையகத்தில் இருக்கிறது. மருந்து உண்டு, நேரத்தோடு தொடங்கினால் சீக்கிரம் குணமாகும். சொல்லாவிட்டால் டெங்குப் பரிசோதனையிலேயே நாட்கள் போய்விடலாம்.